செய்தியைத் தீர விசாரிக்கும் கல்வி: செலவை யார் ஏற்பது?



அன்பின் நேயர்களே! கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! இளைஞர்களே!

ஆரம்பப் பிரிவிலும் கனிஷ்ட இடைநிலைப் பிரிவிலும் கல்வி கற்கும் நமது பிள்ளைகளுக்கு, செய்தியை ஆராய்ந்து ஏற்கும் பழக்கத்தைப் பாடசாலையிலேயே கற்பிக்க வேண்டும் என்பது பற்றியும், அதற்கான செலவை யார் ஏற்பது என்பது பற்றியும் இன்றைய உரையில் சிந்திக்கவிருக்கிறோம். இதனை ஊடக எழுத்தறிவு என்று கல்வியாளர்கள் அழைக்கின்றனர். பெயர் புதியதாக இருக்கலாம். ஆனால் அது இல்லாமையால் நாம் கொடுத்த விலை நம் அனைவருக்கும் தெரிந்ததே.

கொவிட் தொற்றுக் காலத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 2020, 2021ஆம் வருடங்களில் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தன. பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வந்தன. அதுவரை பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுக்காதிருந்த வீடுகளிலும் அது கொடுக்கப்பட்டது. தாலியை அடகு வைத்துத் தொலைபேசி வாங்கிய குடும்பங்களும் நாட்டில் இருந்தன. பின்னர் பாடசாலைகள் திறக்கப்பட்டன. தொலைபேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அந்தக் கருவியினூடாக வருவதில் எது செய்தி, எது விளம்பரம், எது பொய் என்று பிரித்தறியும் பயிற்சியை நாம் அதனோடு சேர்த்துக் கொடுத்தோமா? பெரும்பாலான வீடுகளில் இல்லை என்பதே பதில்.

நேயர்களே! ஆராயாத ஒரு செய்தி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அச்சுறுத்தலின் கீழ் பெறப்பட்ட பதிலொன்று ஒளிப்பதிவு செய்யப்பட்டு முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்த உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் கூறியது. உணவில் கலந்து கொடுத்து ஒரு மனிதரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லை என்று மருத்துவர்களும் விளக்கினர். ஆனால் அறிக்கை வரும் முன்னரே சேதம் நிகழ்ந்து முடிந்திருந்தது.

அதற்குச் சில நாட்களின் பின்னர், முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, தெல்தெனிய, திகன உள்ளிட்ட கண்டி மாவட்டத்தின் பகுதிகளில் வன்முறை வெடித்தது. அந்தத் தாக்குதல் கண்டிக்கத்தக்க குற்றம். அதனைச் சட்டம் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பரவிய வெறுப்புச் செய்திகள் ஒரு சிலரின் குற்றத்தை ஒரு சமூகத்தின் குற்றமாக ஆக்கின. தீயிடப்பட்ட வீட்டினுள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் மரணமானார். 2018 மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அடுத்த நாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. முகநூல் நிறுவனம் தனது தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக 2020ஆம் வருடத்தில் மன்னிப்புக் கோரியது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடூரத் தாக்குதல்களின் பின்னர், மே மாதத்தில் சிலாபத்தில் என்ன நடந்தது? முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு வரியை, வரவிருக்கும் தாக்குதலுக்கான அச்சுறுத்தல் என்று சிலர் பொருள் கொண்டனர். அங்கு தொடங்கிய கலவரம் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது, உயிரும் பலியானது. எழுதியவர் யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினார் என்று கேட்டறிவதற்குள் கற்கள் வீசப்பட்டுவிட்டன.

மூன்றாவது உதாரணம் நமது ஜனாஸாக்கள் பற்றியது. கொவிட் தொற்றால் மரணித்தவர்களை அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்ற கருத்து 2020இல் பரப்பப்பட்டது. அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே வருடம் மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. எனினும் ஏப்ரல் மாதத்தில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார் தம் பிள்ளைகளுக்காகவும் எத்தனை பிள்ளைகள் தம் பெற்றோருக்காகவும் கண்ணீர் வடித்தனர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அன்பானவர்களே! இவற்றைக் கேட்டதும், பிழை செய்தவர்கள் மற்றவர்களே, நாம் பாதிக்கப்பட்டவர்கள் மாத்திரமே என்று எண்ணிவிட வேண்டாம். நமது வீட்டுக்குள்ளும் பார்ப்போம்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தைப் பராமரிக்கும் ஷெய்க் அஹ்மத் என்பவர் கண்ட கனவு என்று ஒரு துண்டுப்பிரசுரம் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் நாடுகளில் சுற்றி வருகிறது. இதனைப் பிரதி செய்து பலருக்குக் கொடுத்தால் நன்மை கிட்டும், கொடுக்காதவருக்கு நட்டம் வரும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். சவூதி அரேபியாவின் அறிஞர் ஷெய்க் பின் பாஸ் அவர்கள் இது புனையப்பட்டது என்று விளக்கித் தனி நூலே எழுதினார். ஆயினும் நமது பாட்டன்மார் கையால் எழுதியதை, தந்தைமார் போட்டோப் பிரதி எடுத்தனர். இன்று பிள்ளைகள் அதே பாணியிலான செய்திகளை ஒரு விரல் தொடுதலில் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகின்றனர். ஆதாரமற்ற ஹதீஸ்கள், நோய்க்கு மருந்தென்று சொல்லப்படும் குறிப்புகள், வேறு நாட்டில் வேறு காலத்தில் எடுக்கப்பட்டு நேற்றைய கொடுமை என்று காட்டப்படும் படங்கள் ஆகிய அனைத்தும் நமது குடும்பக் குழுக்களில் உலவுகின்றன.

இதனிலும் பாரதூரமான ஒன்றுண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை முன்னின்று நடத்தியவன், தனது வெறுப்புரைகளை யூடியூபிலும் முகநூலிலும் பரப்பியவன். மார்க்கத்தின் பெயரால் உரத்த குரலில் பேசப்படுவதெல்லாம் மார்க்கமல்ல என்று இனங்காணும் ஆற்றல் ஒரு சில இளைஞர்களிடம் இருந்திருந்தால், அவன் பின்னால் சென்றவர்களின் தொகை குறைந்திருக்கலாம். ஆகவே இந்தக் கல்வி பிறரிடமிருந்து நம்மைப் பாதுகாப்பதற்கு மாத்திரமன்று. நம்மிடமிருந்து பிறரைப் பாதுகாப்பதற்கும் அது வேண்டும்.

செய்தியைச் சரிபார்த்தல் முஸ்லிம்களுக்கு அந்நியமான விடயமன்று. நம்பகமற்ற ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளாமல் செயற்பட்டால், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற கருத்தை சூறா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கற்பிக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்பவர் பொய்யரின் வரிசையில் சேர்ந்துவிடுவார் என்ற கருத்துள்ள எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி கிடைத்ததும், இதனை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தவர்களா, அவரது நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையவை என்று படிப்படியாக விசாரித்தனர். அறிவிப்பாளர் வரிசை எனப்படும் இந்த முறையை நமது மத்ரஸா மாணவர்கள் நன்கு அறிவார்கள். வட்ஸ்அப் செய்திக்கும் அதே கேள்விகளைக் கேட்கும்படி பாடசாலைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதே இங்கு நாம் வேண்டுவது.

இந்தக் கல்வி வகுப்பறையில் எப்படி இருக்கும் என்று பெற்றோர் கேட்கலாம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எளிய பாடம். தொலைக்காட்சியில் வரும் பிஸ்கட் விளம்பரத்தைப் பார்த்து, இதனைச் செய்தவர் யார், நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் விரும்புகிறார், எதனைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கப் பழகுவது. ஒரே நிகழ்ச்சியை இரு மாணவர்கள் தனித்தனியே எழுதிய பின்னர், இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பது. கேள்விப்பட்டதற்கும் கண்ணால் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வது.

பன்னிரண்டு வயதில் பாடம் சற்றுக் கடினமாகும். ஒரு படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று தேடுவது. தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது. அறிமுகமில்லாத ஓர் இணையத்தளத்தைக் காணும்போது அதன் அழகையும் அது தன்னைப் பற்றிச் சொல்வதையும் வைத்து முடிவு செய்யாமல், அதனை விட்டு வெளியேறி, வேறு நம்பகமானவர்கள் அதனைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்று பார்ப்பதும் இதில் அடங்கும். தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்படித்தான் செய்கின்றனர் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

அதே ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நமது கவனத்துக்குரியது. பணம் பெற்று வெளியிடப்பட்ட ஆக்கம் என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்த ஒன்றையும், இடைநிலை மாணவர்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் உண்மைச் செய்தி என்றே நம்பினர். அவர்கள் கணினியை நன்கு கையாளத் தெரிந்த பிள்ளைகள். விரல் வேகமாக ஓடுவதற்கும் அறிவு நிதானமாக ஆராய்வதற்கும் தொடர்பில்லை என்பதை இது காட்டுகிறது. எனவே, என் மகனுக்குத் தொலைபேசியில் எல்லாம் தெரியும் என்று நாம் பெருமைப்படுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். அதிலும் இன்று செயற்கை நுண்ணறிவின் துணையால், ஒருவர் பேசாததை அவரது முகத்தோடும் குரலோடும் பேசியதாகக் காட்ட முடிகிறது. கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்பதும் இப்போது போதுமான சாட்சியமாக இல்லை.

நமது நாட்டுப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லையா? தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் சாதாரண தரத்தில் உண்டு. ஆனால் அது விருப்பத்துக்குரிய பாடம். தரம் 10இல்தான் பிள்ளை அதனைத் தெரிவு செய்கிறது. தெரிவு செய்யாத பிள்ளைகளே அதிகம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் கருவியைக் கையாளக் கற்பிக்கிறது; செய்தியை எடைபோடுவது அதன் முதன்மை நோக்கமன்று. தரம் 10க்கு வரும் முன்னரே பிள்ளை பல வருடங்களாகத் தொலைபேசியோடு வாழ்ந்துவிடுகிறது. நீந்தக் கற்பிக்கும் முன் ஆற்றில் இறக்கிவிடுவதைப் போன்றது இது.

இப்போது செலவு பற்றிய கேள்விக்கு வருவோம். மூன்று அனுபவங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது பின்லாந்து. அங்கு ஊடகக் கல்வி தனிப் பாடமாக இல்லாமல், 2016இல் நடைமுறைக்கு வந்த தேசிய பாடத்திட்டத்தின் ஊடாக எல்லாப் பாடங்களிலும் கலந்துள்ளது. முன்பள்ளியிலிருந்தே அது ஆரம்பமாகிறது. ஊடகக் கல்வியை மேம்படுத்துவது ஓர் அரச நிறுவனத்தின் சட்டபூர்வக் கடமையாகவும் உள்ளது. அதாவது அதற்கென்று ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டுள்ளன. பொய்ச் செய்தியை எதிர்த்து நிற்கும் ஆற்றலை ஐரோப்பிய நாடுகளிடையே ஒப்பிடும் பட்டியலில் 2017 முதல் 2023 வரை அந்நாடே முதலிடம் பெற்றது.

இரண்டாவது அமெரிக்கா. நியூ ஜேர்ஸி மாநிலம் 2023 ஜனவரியில், பாலர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தகவல் எழுத்தறிவைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது. அதே வருடம் கலிபோர்னியாவும் ஒரு சட்டம் இயற்றியது. மொழி, விஞ்ஞானம், கணிதம், சமூகக் கல்வி ஆகிய பாடங்களில் ஊடக எழுத்தறிவு சேர வேண்டும் என்று அது கூறியது. ஆனால் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கு அச்சட்டத்தில் நிதி ஒதுக்கப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் பாடம் சேர்ந்துவிட்டால் வகுப்பறையில் அது தானாக நடந்துவிடாது. பயிற்சி பெறாத ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வார். அதில் அவரைக் குறைகூறவும் முடியாது.

மூன்றாவது உகண்டா. இது நமக்கு மிகவும் பயனுள்ள உதாரணம். ஏனெனில் அது செல்வந்த நாடன்று. அங்கு மத்திய பிரதேசத்தின் 120 ஆரம்பப் பாடசாலைகளில், 10,000க்கும் மேற்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அரைவாசிப் பாடசாலைகளில் படக்கதை வடிவிலான புத்தகமும் பயிற்சிப் புத்தகமும் கொடுக்கப்பட்டன. ஆசிரியர்களுக்குக் குறுகிய கால அறிமுகப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு தவணையில் 80 நிமிடங்கள் கொண்ட ஒன்பது பாடங்கள் நடத்தப்பட்டன. இந்த மருந்து நோயைக் குணப்படுத்தும் என்று யாரேனும் சொன்னால் அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பதே பாடத்தின் சாரம். முடிவில் அந்தப் பாடசாலைகளின் மாணவர்களில் 69 வீதத்தினர் தேர்வில் சித்தியடைந்தனர். பாடம் கற்காத பாடசாலைகளில் 27 வீதத்தினரே சித்தியடைந்தனர். 2017இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகை இதனை வெளியிட்டது. ஒரு வருடத்தின் பின்னரும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. நோர்வேயின் ஆராய்ச்சிச் சபை அதற்கு நிதி வழங்கியது.

இந்த முயற்சியில் மாணவருக்குக் கணினி தேவைப்படவில்லை. அச்சிட்ட புத்தகம், பயிற்சி பெற்ற ஆசிரியர், ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய மூன்றுமே தேவைப்பட்டன. எனவே ஊடக எழுத்தறிவுக்கு நிதி என்றவுடன் கணினி அறை கட்டுவதையும், நாடா வெட்டித் திறந்து வைப்பதையும், பெயர்ப்பலகை பதிப்பதையும் நாம் நினைக்க வேண்டியதில்லை. திறப்பு விழா முடிந்து ஆசிரியர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

பெற்றோர்களே! அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. முதற்பொறுப்பு அரசாங்கத்துக்கே உரியது. 1945இல் இலவசக் கல்வியையும், 1980இல் இலவசப் பாடநூல்களையும் வழங்கத் தொடங்கிய நாடு இது. ஏட்டை வாசிக்கும் எழுத்தறிவை ஏழைப் பிள்ளைக்கும் உரிமையாக்கிய நாடு, செய்தியை வாசிக்கும் எழுத்தறிவையும் உரிமையாக்க வேண்டும். அதனைக் கல்வி அமைச்சிடமும் தேசிய கல்வி நிறுவகத்திடமும் நாம் தொடர்ந்து கேட்க வேண்டும். அதே வேளை உண்மை நிலையையும் மறக்க முடியாது. அண்மைய வருடங்களில் கல்விக்கான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்துக்கும் குறைவாகவே இருந்துள்ளது. யுனெஸ்கோ பரிந்துரைப்பதோ 4 முதல் 6 வீதம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அரசாங்கம் எல்லாவற்றையும் செய்யும் வரை காத்திருந்தால் இன்று ஆறாம் தரத்தில் இருக்கும் பிள்ளை பாடசாலையை விட்டே வெளியேறிவிடும்.

கலவரம் வந்ததும் சமூக ஊடகங்களை முடக்குவதும், 2024ஆம் வருடத்தின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்ற சட்டங்களை இயற்றுவதும் அரசாங்கங்கள் எடுக்கும் வழிகள். அச்சட்டத்தின் நன்மை தீமை பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. அது எவ்வாறிருப்பினும், முடக்கமும் தண்டனையும் செய்தி பரவிய பின்னர் வருபவை. அனுப்புவதா வேண்டாமா என்று பிள்ளை தனித்திருந்து முடிவு செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்கு உதவுவது அவன் பெற்ற கல்வி மாத்திரமே.

நமது சமூகம் கல்விக்காகக் காத்திருந்த சமூகமன்று. அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையை ஆரம்பித்தார். பாடசாலைகளையும் உருவாக்கப் பாடுபட்டார். பத்திரிகையும் பாடசாலையும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார். 1892இல் மருதானையில் உருவாகி இன்று ஸாஹிராக் கல்லூரியாக விளங்கும் கல்விக்கூடத்துக்கு வாப்பிச்சி மரிக்கார் போன்ற கொடையாளர்கள் தம் செல்வத்தை வழங்கினர். 1973இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் அவர்கள் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். தம் காலத்துக்கு என்ன கல்வி தேவை என்று அவர்கள் கேட்டார்கள். பதில் கிடைத்ததும் பணத்தை எடுத்து வைத்தார்கள். நமது காலத்தின் தேவை எது என்று நாமும் கேட்க வேண்டும்.

ஆகவே பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும், தனவந்தர்களுக்கும் சில ஆலோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் மஹல்லாவிலுள்ள பாடசாலையில் இரண்டு ஆசிரியர்களைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவிலும் மற்றவர் தரம் 6 முதல் 9 வரையிலும் கற்பிப்பவராக இருக்கட்டும். அவர்களது பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாணவருக்கான சிறு பயிற்சிப் புத்தகத்தை அச்சிட உதவுங்கள். ஒவ்வோர் ஊரும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. பல ஊர்கள் இணைந்து, ஆசிரியர்களையும் ஊடகவியலாளர்களையும் கொண்டு ஒரு நூலை ஆக்கினால் செலவு பங்கிடப்படும். அது தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். அயலிலுள்ள சிங்களப் பாடசாலைக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் அதனை அன்பளிப்பாகக் கொடுங்கள். நமது பிள்ளை மாத்திரம் வதந்தியை நம்பாதிருந்து, அயலவரின் பிள்ளை நம்பினால் இரு வீடுகளும் பாதுகாப்பாக இருக்க மாட்டா.

மூன்றாவது, நிதிக்கு ஒழுங்கான வழி வேண்டும். 300 குடும்பங்கள் உள்ள ஒரு மஹல்லாவில் குடும்பமொன்று மாதம் 100 ரூபாய் கொடுத்தால் மாதத்துக்கு 30,000 ரூபாயும், வருடத்துக்கு 360,000 ரூபாயும் சேரும். ஒரு பாடசாலையில் இந்தப் பணியை ஆரம்பிக்க இது கைகொடுக்கும். ஸகாத் பணத்துக்கு உரியவர்கள் யார் என்பது அல்குர்ஆனிலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், இந்தச் செலவை ஸதகாவிலிருந்தும், நன்கொடைகளிலிருந்தும், கல்விக்கென விடப்பட்ட வக்ஃபு வருமானத்திலிருந்தும் பெறுவதே பொருத்தமானது. வக்ஃபுச் சொத்துக்களுக்கென 1956ஆம் வருடத்தின் 51ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. அதன் ஒழுங்குகளுக்கு அமைவாக, உலமாக்களின் ஆலோசனையைப் பெற்றுச் செயற்படுங்கள். வரவு செலவை வருடந்தோறும் ஊர் மக்கள் முன் வாசியுங்கள்.

நான்காவது, பணம் தருபவர் பாடத்தின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்க இடமளிக்காதீர்கள். அரசியல்வாதி ஒருவரோ, வணிக நிறுவனமொன்றோ, ஏதேனும் இயக்கமோ நிதி வழங்கிவிட்டு, தம்மைப் பற்றிய கேள்விகளை மாத்திரம் தவிர்க்கும்படி கேட்டால், அந்த நிதி வேண்டாம். ஆராயக் கற்பிக்கும் வகுப்பில் ஆராயக்கூடாத பகுதி என்று ஒன்று இருந்தால், பிள்ளைகள் அதனையே பாடமாகக் கற்றுக் கொள்வார்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரமேது என்று சில தாய்மார் கவலைப்படலாம். ஒரு தவணையில் ஒன்பது பாடங்களே உகண்டாவில் போதுமாக இருந்தன. மேலும், ஒரு பந்தியை வாசித்து அதில் கூறப்பட்டது எது, கூறப்படாதது எது என்று பிரித்தறியும் பிள்ளை மொழிப்பாடத்திலும் பின்தங்க மாட்டாது.

பிள்ளைகள் எதையும் கேள்வி கேட்கத் தொடங்கினால் பெரியோரை மதிக்க மாட்டார்களே என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஆதாரம் கேட்பது அவமதிப்பன்று. வாப்பா, இதனை யார் அனுப்பியது, அவருக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளை பணிவோடு கேட்டால், அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக் கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள். அந்தச் செய்தி பொய்யென்று தெரிந்தால், அனுப்பிய குழுவிலேயே அதனைத் திருத்தி எழுதுங்கள். தந்தை திருத்துவதைக் கண்ட பிள்ளைக்கு வேறு பாடம் அதிகம் தேவைப்படாது.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பம் உங்களுக்குத் தெரியும். தமிழில் தகவல் சரிபார்க்கும் தளங்கள் இன்று நமது நாட்டிலும் இயங்குகின்றன; அவற்றைப் பயன்படுத்தப் பழகுங்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை உங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கொடுங்கள். ஆசிரியருக்குத் துணையாக நின்று, அந்த வாரம் பரவிய ஒரு படத்தையோ செய்தியையோ எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். பணம் இல்லாதவர் தரக்கூடிய சிறந்த நன்கொடை அதுவே. கோபத்தையோ அச்சத்தையோ உடனே மூட்டும் செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அனுப்பும் முன் சற்று நிறுத்துங்கள். உங்களைக் கோபமூட்டுவதற்காகவே அது ஆக்கப்பட்டிருக்கலாம்.

அன்பின் நேயர்களே! அம்பாறையில் அந்த இரவில் கூடியவர்களும், சிலாபத்தில் கல்லெறிந்தவர்களும் ஒரு காலத்தில் நமது நாட்டுப் பாடசாலைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளே. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களுக்குச் சென்ற கொலைகாரர்களும் நமது நாட்டுப் பாடசாலைகளில் படித்தவர்களே. அவர்களுக்கு வாசிக்கக் கற்பித்தோம். வாசித்ததை ஆராயக் கற்பிக்கவில்லை. இன்று மூன்றாம் தரத்திலும் ஏழாம் தரத்திலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்க இன்னும் அவகாசம் உண்டு. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் உங்கள் பள்ளிவாசல் நிருவாகத்தினரோடும், திங்கட்கிழமை உங்கள் பாடசாலை அதிபரோடும் இதுபற்றிப் பேசுங்கள்.

உண்மையை உண்மையாகக் கண்டு அதனைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதனை விட்டு விலகவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நமது சந்ததியினருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.